வாசனையால் பேசும் உயிர்கள்
(சேலம் அஸ்தம்பட்டியில் நிகழ்ந்த அறிவியல் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

விலங்குகள் வேதிப்பொருள்களைக் கொண்டு ஒன்றுக்கொன்று எப்படிச் செய்தி சொல்லிக்கொள்கின்றன என்பதே இன்றைய பொருள்.

குயில் கூவுகிறது, நாய் குரைக்கிறது, மயில் தோகை விரிக்கிறது. இவை மனிதக் காதுக்கும் கண்ணுக்கும் எட்டுகின்ற செய்திகள். ஆனால் இவற்றைவிடப் பழையதும் இவற்றைவிடப் பரவலானதுமான ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஓசை இல்லை, உருவம் இல்லை. எறும்பு பேசுவது அதில்தான். தேனீ பேசுவது அதில்தான். பட்டியில் நிற்கும் வெள்ளாட்டுக் கிடா பேசுவதும், மேட்டூர்க் காடுகளில் திரியும் யானை பேசுவதும் அதில்தான்.

ஒரு விலங்கு ஒரு பொருளைத் தன் உடலில் சுரந்து வெளியே விடுகிறது. அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்று அதை உணர்கிறது. உணர்ந்ததும் அதன் நடத்தையிலோ உடலியக்கத்திலோ ஒரு மாற்றம் உண்டாகிறது. அப்படிப்பட்ட பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர். 1959ஆம் ஆண்டு பீட்டர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் என்ற இரு அறிஞர்கள் வைத்த பெயர் இது. ஹார்மோன் சுரந்த உடலுக்குள்ளேயே ஓடி வேலை செய்யும். ஃபெரோமோன் உடலை விட்டுக் கிளம்பிப் போய் இன்னொரு உடலில் வேலை செய்யும்.

குரல் இருக்க, கண் இருக்க, வாசனை எதற்கு? இருட்டில் கண் உதவாது, வாசனை உதவும். குரல் எழுப்பிய கணமே அடங்கிவிடும்; வாசனை, விட்டவர் போன பிறகும் அந்த இடத்தில் நிற்கும். குரல் எழுப்புபவரை எதிரியும் கேட்பான். வாசனையோ பெரும்பாலும் உரியவருக்கு மட்டுமே புரியும். குறைகளும் உண்டு. காற்று அடிக்கும் திசையில்தான் அது போகும். ஒருமுறை விட்டதைத் திரும்பப் பெற முடியாது.

சேலத்துக்காரர்களுக்குப் பட்டைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் உலகில் முதன்முதலாக வேதியியல் அமைப்பு கண்டறியப்பட்ட ஃபெரோமோன், பட்டுப்பூச்சியினுடையது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கூட்டை விட்டு வெளியே வந்த பெண் பட்டுப்பூச்சி எங்கும் போவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, வயிற்றின் நுனியில் இருக்கும் சுரப்பியை வெளியே நீட்டும். சற்றுத் தொலைவில் இருக்கும் ஆண் பூச்சி உடனே சிறகடிக்கத் தொடங்கும். வளர்ப்புப் பட்டுப்பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. பல ஆயிரம் ஆண்டு வளர்ப்பில் அதை இழந்துவிட்டது. ஆனாலும் சிறகடித்துக்கொண்டே நடந்து, நேராகப் பெண்ணிடம் போய்ச் சேரும். கண்ணால் பார்த்துப் போகிறதா? இல்லை. உணர்கொம்பை நீக்கிவிட்டால் பெண் பக்கத்தில் இருந்தாலும் அதற்குத் தெரியாது.

அந்த வாசனை என்ன பொருள் என்று கண்டறிய ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனன்ட் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். அவர் நோபல் பரிசுக்குரியவர். 1939ஆம் ஆண்டின் வேதியியல் பரிசு அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவருடைய குழு ஐந்து லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளை வெட்டி எடுத்துப் பிரித்தது. கடைசியில் கையில் நின்றது சில மில்லிகிராம் பொருள். அதற்கு பாம்பிகோல் என்று பெயரிட்டு 1959இல் வெளியிட்டார்கள். ஐந்து லட்சம் பூச்சிகள் ஏன் தேவைப்பட்டன? ஒரு பூச்சியிடம் இருப்பது அவ்வளவு சொற்பம். அந்தச் சொற்பத்தை உணர ஆணின் ஒவ்வொரு உணர்கொம்பிலும் சுமார் 17,000 நுண்மயிர்கள் இருக்கின்றன. ஒரே ஒரு மூலக்கூறு வந்து பட்டாலும் அங்குள்ள நரம்பணு துடிக்கும் என்று பின்னாளைய சோதனைகள் காட்டின.

பூச்சி உலகில் செய்தி காதலுக்கு மட்டும்தானா? ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் தேன் எடுப்பவர்களிடம் கேட்டால் தெரியும். ஒரு தேனீ கொட்டிவிட்டால் பிறகு பத்து வரும், நூறு வரும். கொட்டிய தேனீயின் கொடுக்கு நச்சுப்பையோடு தோலில் தங்கிவிடுகிறது. அங்கிருந்து ஐசோபென்டைல் அசிடேட் என்ற பொருள் காற்றில் ஏறுகிறது. பழுத்த வாழைப்பழத்தை ஒத்த மணம் அது. தேனீக்கு அதன் பொருள், ‘எதிரி இங்கே’ என்பது. 1962இல் இது தெளிவாயிற்று. பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் அடை கட்டும் மலைத்தேனீயிடம் இதனோடு சேர்ந்து எளிதில் ஆவியாகாத இன்னொரு பொருளும் உண்டு. அதனால்தான் அதன் சினம் நீண்ட நேரம் தணிவதில்லை. கொட்டு வாங்கியவர் அங்கேயே நின்று கையை வீசினால் ஆபத்து கூடும். இடத்தை விட்டு விலகி, கொடுக்கை உடனே நீக்கிவிட்டு, கொட்டிய இடத்தைக் கழுவுவதே சரி.

அதே கூட்டில் அரசித் தேனீயின் செய்தி வேறு. அவளுடைய தாடைச் சுரப்பியிலிருந்து வரும் பொருளை வேலைக்காரத் தேனீக்கள் நக்கி, ஒன்றிலிருந்து ஒன்றாகக் கூடு முழுவதும் பரப்புகின்றன. அது பரவிக்கொண்டிருக்கும் வரை கூடு அமைதியாக இருக்கும். அரசியைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால் சில மணி நேரத்தில் சலசலப்பு தொடங்கும்; புது அரசிக்கான அறைகளை வேலைக்காரத் தேனீக்கள் கட்டத் தொடங்கிவிடும். அரசி உத்தரவு போட்டு ஆள்கிறாள் என்று எண்ணுவது மனிதக் கற்பனை. ‘இருக்கிறேன்’ என்பது மட்டுமே அவள் சொல்லும் செய்தி.

எறும்பின் செய்தியைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். சுவரில் சாரையாகப் போகும் எறும்புகளின் பாதையில் ஈர விரலால் ஒரு கோடு இழுத்தால் போதும். இருபுறமும் எறும்புகள் திகைத்து நிற்கும்; பிறகு ஏதோ ஒன்று துணிந்து கடந்ததும் பாதை மீண்டும் ஒட்டும். இரை கண்ட எறும்பு திரும்பும்போது வயிற்று நுனியால் தரையைத் தொட்டுத் தொட்டு வாசனை இட்டுவருகிறது. இரை இருக்கும் வரை போகிற ஒவ்வொன்றும் அதைப் புதுப்பிக்கும். தீர்ந்ததும் புதுப்பிக்க ஆளில்லை, பாதை தானே மறையும். இறந்த எறும்புக்கும் ஒரு வாசனை உண்டு. எட்வர்ட் வில்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1958இல் வெளியிட்ட ஆய்வின்படி அந்தப் பொருளில் முக்கியமானது ஓலிக் அமிலம். உயிரோடு இருக்கும் எறும்பின் மேல் அதைத் தடவியபோது மற்ற எறும்புகள் அதைப் பிணமென்று தூக்கிக்கொண்டுபோய்க் குப்பையில் போட்டன. அது கால்களை உதைத்துக்கொண்டே போயிற்று. திரும்பி வந்தால் மறுபடியும் தூக்கின. உடலைச் சுத்தம் செய்துகொண்ட பிறகே கூட்டில் அதற்கு இடம் கிடைத்தது. கண்ணெதிரே கால் உதைப்பதைவிட வாசனை சொல்வதே எறும்புக்கு உண்மை.

நீரிலும் இதே கதை. கெண்டை இனத்தைச் சேர்ந்த மீன்களின் தோல் கிழிந்தால் அதிலிருந்து கசியும் பொருள் கூட்டத்தின் மற்ற மீன்களை மிரண்டு ஓடச் செய்யும். தேனீயின் ஆட்டத்தைப் படித்தறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938இல் கண்டது இது.

இனிப் பாலூட்டிகளுக்கு வருவோம். பசுவின் சிறுநீரை முகர்ந்த காளை, தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு சற்று நேரம் அசையாமல் நிற்பதை மாடு வைத்திருக்கும் எவரும் பார்த்திருப்பர். சிரிப்பதுபோல் இருக்கும்; சிரிப்பல்ல, வாசிப்பு. அந்த நிலையில் வாசனைப் பொருள் மேலண்ணத்தில் உள்ள ஒரு தனி உறுப்புக்குப் போகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் 1813இல் விவரித்ததால் அதற்கு ஜேக்கப்சன் உறுப்பு என்று பெயர். பசு பருவத்தில் இருக்கிறதா, இல்லையா என்பதைக் காளை அதில் படித்துக்கொள்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோ. அர்ச்சுனனின் குழுவினர் பசு, எருமை ஆகியவற்றின் சிறுநீரில் பருவ நாளில் மட்டும் தோன்றும் பொருள்களைப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். இதன் பயன் சிறியதல்ல. சினை ஊசி போடும் நாள் தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்பது பால்மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு.

கன்று இறந்தால் அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தாயின் முன் நிறுத்திப் பால் கறக்கும் பழைய வழக்கமும் வாசனையின் மேல் கட்டியதே. பொம்மையின் உருவம் மட்டும் பசுவை ஏமாற்றியிருக்காது. அந்தத் தோலில் தங்கியிருக்கும் தன் கன்றின் வாசனைக்குத்தான் அது மடி சுரக்கிறது.

சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிக்கே உரியது சேலம் கருப்பு என்னும் வெள்ளாட்டினம். அதன் கிடா இருக்கும் பட்டியைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். மொச்சை வாடை தெருமுனை வரை வரும். வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கும் அந்த வாடைக்குப் பட்டியில் என்ன வேலை? நெடுநாள் கிடாவே இல்லாமல் தனித்திருந்த பெட்டை ஆடுகளுக்கு நடுவில் ஒரு கிடாவை விட்டால், சில நாள்களில் பலவும் ஏறத்தாழ ஒன்றாகப் பருவத்துக்கு வரும். ஆடு வளர்ப்போர் உலகெங்கும் இதை அறிவார்கள். காரணம் மட்டும் விளங்காதிருந்தது. ஜப்பானில் தோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிடாக்களின் தலையில் தொப்பி போன்ற ஒன்றைக் கட்டி, அவற்றின் தலையிலிருந்து ஆவியாகும் பொருள்களைச் சேர்த்தார்கள். காயடித்த கிடாக்களிடமும் அவ்வாறே சேர்த்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். காயடிக்காத கிடாவிடம் மட்டும் இருந்த பொருள்களில் ஒன்று 4-எத்தில் ஆக்டனால். அதைப் பெட்டை ஆடு முகர்ந்ததும், இனப்பெருக்கத்தை நடத்தும் மூளைப் பகுதி உடனே விழித்துக்கொண்டது. 2014இல் வெளியான முடிவு இது. அந்தப் பொருள் காற்றோடு கலந்து மாறும்போது உண்டாவது 4-எத்தில் ஆக்டனாயிக் அமிலம். மூக்கைப் பிடிக்க வைக்கும் மொச்சை வாடையில் முக்கியப் பங்கு அதற்குத்தான். கிடாவைக் குளிப்பாட்டி வாடையை ஒழிக்க நினைப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

காட்டுக்குள் போனால் புலி மரத்தின் மேல் பின்னோக்கி நீரைப் பீய்ச்சி எல்லை இடுகிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த ரத்தன்லால் பிரம்மச்சாரி அந்த நீரில் கண்ட ஒரு பொருள், பாஸ்மதி அரிசிக்கு மணம் தருவதே. புலிக்கு எல்லைக்கல், மனிதனுக்குப் பிரியாணி!

பாம்பை அடித்தால் அதன் துணை பழிவாங்க வரும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் இங்கே ஒரு சொல். பாம்பு பழி வைப்பதில்லை. அதற்கு அந்த நினைவாற்றலும் இல்லை. ஆனால் ஆண் பாம்பு பெண் பாம்பின் தோலிலிருந்து தரையில் படியும் வாசனைத் தடத்தை நாக்கால் தொட்டுத் தொட்டுத் தொடரும். பெண் அடிபட்டுக் கிடக்கும் இடத்துக்கு ஓர் ஆண் வந்து சேர்ந்தால், அது தடத்தைப் பின்பற்றி வந்ததே தவிர வஞ்சம் தீர்க்க வந்ததல்ல.

யானையிடம் வந்தால் வியப்பு இரட்டிப்பாகிறது. அமெரிக்க ஆய்வாளர் ராஸ்முசனும் அவருடைய குழுவினரும் ஆசிய யானையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஆண் யானை பெண் யானையின் சிறுநீரைத் துதிக்கை நுனியால் தொட்டு, அதை வாய்க்குள் மேலண்ணத்தில் வைக்கிறது. அங்கே இருப்பதும் ஜேக்கப்சன் உறுப்பின் வாயில்தான். பெண் தயாராக இருக்கிறது என்று சொல்லும் பொருள் இசட்-7-டோடெசினைல் அசிடேட் என்று 1996இல் அவர்கள் அறிவித்தார்கள். அறிவித்ததும் பூச்சியியலாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பயன்படுத்தும் அதே பொருள் அது! மதம் கொண்ட ஆண் யானையின் கன்னச் சுரப்பியிலிருந்து வழியும் நீரில் கண்டறியப்பட்ட ஃப்ரான்டாலினும் மரப்பட்டை வண்டுகளின் ஃபெரோமோனாக முன்பே தெரிந்திருந்த பொருள்தான். அந்தப் பொருளுக்கு வலக்கை, இடக்கை போல இரு வடிவங்கள் உண்டு. இளைய யானையில் ஒன்று மிகுந்திருக்கும், வயது ஏற ஏற இரண்டும் சமமாகும். மற்ற யானைகள் அந்த விகிதத்தையே படிக்கின்றன. புதிதாக மதம் பிடிக்கும் இளங்களிற்றின் மதநீரில் தேன் மணம் வீசும் என்பதையும் இதே ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள். மதநீரில் வண்டு மொய்ப்பதாகப் பழம்புலவர்கள் பாடியது வெறும் அலங்காரம் என்று இனித் தள்ள முடியாது.

பெண் யானையின் சிறுநீரில் கண்ட அந்தப் பொருளுக்கும் ஆத்தூர், தலைவாசல் பக்கத்து மக்காச்சோளக் காட்டுக்கும் என்ன தொடர்பு? நேரான தொடர்பு உண்டு. 2018இல் அமெரிக்கப் படைப்புழு முதலில் கர்நாடகத்திலும் அதே ஆண்டில் தமிழ்நாட்டிலும் மக்காச்சோளத்தைத் தாக்கியது. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத்துக்கே அது அச்சுறுத்தலாயிற்று. அந்தப் படைப்புழுவின் பெண் அந்து ஆணை அழைக்க விடும் கலவையில் இரண்டாவது பொருள், யானை விடும் அதே இசட்-7-டோடெசினைல் அசிடேட். இனக்கவர்ச்சிப் பொறியில் தொங்கும் ரப்பர் குப்பியில் ஊறியிருப்பது அந்தக் கலவைதான்.

அப்படியானால் அந்துக்கும் யானைக்கும் குழப்பம் வராதா? வராது. அந்துக்கு அது காற்றில் மிதந்து வரும் செய்தி. இன்னொரு பொருளோடு உரிய விகிதத்தில் கலந்தால்தான் பொருள்படும். யானைக்கு அது தரையில் கிடக்கும் சிறுநீரில் துதிக்கையால் தொட்டறியும் செய்தி. ஆக, பொருள் மட்டும் செய்தி ஆவதில்லை. கலவை, அளவு, நேரம், பெறுபவர் எல்லாம் சேர்ந்தால்தான் செய்தி.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பருத்தியே சாட்சி. கொங்கணாபுரத்தில் பருத்தி ஏலத்துக்கு மூட்டை கொண்டுவரும் உழவர்கள் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை நன்கு அறிவார்கள். அதன் ஃபெரோமோன் இதுதான் என்று 1966இல் ஒரு பொருள் அறிவிக்கப்பட்டது. வயலில் வைத்தபோது ஆண் அந்து எட்டிப்பார்க்கவில்லை. 1973இல்தான் உண்மை தெரிந்தது. அது ஒரு பொருளல்ல. ஒரே அணுக்களைக் கொண்டு, வளைவில் மட்டும் வேறுபடும் இரட்டைப் பொருள்கள், ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. ஒன்று மட்டும் இருந்தால் பூச்சி வராது. இரண்டும் சேர்ந்தால் வரும்.

மாம்பழ ஈயின் கதை இன்னும் சுவையானது. வரகம்பாடி மாந்தோப்பாகட்டும், வேறு எந்தத் தோப்பாகட்டும், மல்கோவாவும் இமாம்பசந்தும் முற்றும் நேரத்தில் பெண் ஈ தோலைத் துளைத்து முட்டையிடும். வெளியே அழகாக இருக்கும் பழத்துக்குள் புழு நெளியும். பீகாரில் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹவ்லெட் என்பவர், கொசுவுக்காக ஒருவர் தடவிக்கொண்ட சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடிப் பழ ஈக்கள் வருவதை அறிந்து அதைத் தொடர்ந்தார். 1912இல் அதைப் பற்றி எழுதினார். 1915இல் மெத்தில் யூஜினால் என்ற பொருள்வரை போய்விட்டார். இன்று உலகெங்கும் மாந்தோப்புகளில் தொங்கும் பழ ஈப் பொறியின் பிறப்பிடம் இந்திய மண்தான்.

மெத்தில் யூஜினால் ஈ சுரப்பதல்ல, செடிகள் சுரப்பது. துளசியிலும் உண்டு. ஆண் ஈ அதைத் தேடி உண்கிறது. உடலுக்குள் அதை மாற்றிக் குதச் சுரப்பியில் சேர்த்துவைக்கிறது. அந்தி மயங்கும் நேரத்தில் அதை வாசனையாகப் புகைத்துப் பெண்ணை அழைக்கிறது. ஆகவே பொறிக்கு வருவது முழுக்க ஆண் ஈதான். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பொறி நிறைய ஈ விழுந்திருக்கிறது, ஆனாலும் பழத்தில் புழு இருக்கிறதே என்று கேட்பார்கள். முட்டையிடுவது ஆணா? பெண் அல்லவா? ஆண்கள் பெரும்பாலும் ஒழிந்தால்தான் பெண்ணின் முட்டை வீணாகும். ஒரு தோப்பில் மட்டும் பொறி கட்டினால், பக்கத்துத் தோப்பில் இணைசேர்ந்த பெண் பறந்துவந்து முட்டையிட்டுவிடும். பசிபிக் கடலின் ரோட்டா தீவில் 1960களின் முற்பகுதியில் தீவு முழுவதும் மெத்தில் யூஜினாலும் நஞ்சும் கலந்த துண்டுகளைப் போட்டார்கள். பழ ஈ அடியோடு ஒழிந்தது. முழுத் தீவு என்பதுதான் அங்கே முக்கியம்.

தென்னையில் கணக்கு வேறு. காண்டாமிருக வண்டிலும் சிவப்புக் கூன்வண்டிலும் வாசனை விடுவது ஆண். வருவது ஆணும் பெண்ணும். இது கூடச் சொல்லும் அழைப்பு. 1993இல் கூன்வண்டின் பொருளும், 1995இல் காண்டாமிருக வண்டின் பொருளும் கண்டறியப்பட்டன. முட்டையிடும் பெண்ணும் விழுவதால் பொறி நேரடியாகப் பயன் தரும். ஆனால் பரமத்திவேலூர்ப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் இளங்கன்றுகளுக்கு நடுவே அந்தப் பொறியை மாட்டினால், வெளியில் இருந்த வண்டுக்கும் அழைப்பு அனுப்பியதாகும். பொறிக்குள் விழாதவை கன்றில் ஏறும். தோப்பின் ஓரத்தில், இளங்கன்றை விட்டுத் தள்ளி மாட்ட வேண்டும். ஏற்காட்டுக் காப்பிச் செடியைத் துளைக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானிலும் அழைப்பது ஆண்தான், வருவது பெண்.

மனிதனுக்கும் இப்படி ஒரு வாசனை உண்டு என்று விளம்பரம் செய்து திரவியம் விற்பவர்கள் இருக்கிறார்கள். மனித ஃபெரோமோன் என்று ஐயமற நிறுவப்பட்ட பொருள் எதுவும் இன்றுவரை இல்லை. அந்தக் காசுக்கு மாந்தோப்புக்குப் பொறி வாங்கலாம்.

வாங்கும்போது எந்தப் பூச்சிக்கு உரியது என்று கேட்டு வாங்க வேண்டும். கத்தரித் தண்டுத் துளைப்பானுக்கு உள்ள லூரை, அதாவது பொறியில் தொங்கும் வாசனைக் குப்பியை, படைப்புழுவுக்கு மாட்டிப் பயனில்லை. ஒரு லூரைத் தொட்ட கையால் இன்னொன்றைத் தொடக்கூடாது. சாரம் போன லூரை உறையில் சொன்ன கெடுவுக்குள் மாற்றிவிட வேண்டும். அந்துப்பூச்சிப் பொறியில் விழும் எண்ணிக்கையை நாள்தோறும் எழுதிவைத்தால், மருந்து அடிக்க வேண்டிய வாரம் எது, அடிக்கத் தேவையில்லாத வாரம் எது என்பது தெரியும். மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் வரும் பருவத்தில் காய் முற்றும் முன்பே, வேலிக்கு வேலி பேசி வைத்துக்கொண்டு, ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் பொறி கட்டுங்கள்.